வழி கேட்ட குரல்

சுருங்கிப்போன தோல் உறையைப் பக்குவமாக உரித்து, பின்மூடியின் இரண்டு திருகுகளையும் கழற்றி, மூடியை மெல்ல நெம்பி எடுத்ததும் தஸ்தகீரின் மூக்கில் டீசல் புகை ஏறியது. ஆறு வருஷமாக ஓர் இரும்புப் பெட்டிக்குள், அந்துருண்டை போட்ட புடவைகளுக்கு அடியில் கிடந்த டிரான்சிஸ்டர் அது. அந்துருண்டை வாசம் வரலாம், துரு வாசம் வரலாம், செத்த பல்லியின் வாசம்கூட வரலாம். ஆனால் அதிலிருந்து வந்ததோ, இப்போதுதான் அவனுடைய ரேடியோ ரிப்பேர்க் கடை வாசலில் யாரோ லாரியை முடுக்கிவிட்டுப் போன மாதிரி, சூடு ஆறாத புகை. அவன் எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தான். கம்பைநல்லூர் சந்தைத் தெரு மதிய வெயிலில் ஆளரவமில்லாமல் கிடந்தது. எதிரே டீக்கடைக்காரர் பெஞ்சில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். லாரி எதுவும் வந்துபோன தடமில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி முகர்ந்தான். இப்போது வெறும் துருதான்.

இரண்டு நாளைக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் அன்வர் பாஷா. ஏரியூரில் இருப்பவன். தஸ்தகீரின் மனைவி வஹிதாவுக்கு முதல் புருஷன் ஒருவன் இருந்தான், நூர் பாஷா என்று, அவனுடைய தம்பி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய பொட்டலத்தை நீட்டியபடியே சொன்னான்.

"பாபி, அம்மா போன மாசம் மவுத்தாயிட்டாங்க. பெட்டிய ஒழிச்சப்ப இது இருந்துச்சு. அண்ணன் லாரியில வெச்சிருந்தது. உங்ககிட்டத்தான் சேரணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

பாபி என்றால் அண்ணி. தஸ்தகீர் அவள் கழுத்தில் கருகமணி கட்டி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அன்வர் அவன் எதிரிலேயே, அவன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு அவளை அண்ணி என்கிறான். அவளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதற்குத் தலையாட்டுகிறாள். தஸ்தகீர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தான்.

நூர் பாஷாவை அவன் பார்த்ததே இல்லை. எண்பதாம் வருஷம் பஞ்சு லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கும்போது லாரி கவிழ்ந்து தீப்பிடித்து எரிந்து போனவன் என்பது மட்டும் தெரியும். எரிந்தது போக மிஞ்சியதை வஹிதாவுக்குக் காட்டவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, சுற்றிய மாதிரியே அடக்கம் செய்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்காமலே அழுதவள் அவள். கவிழ்ந்த வேகத்தில் இந்த டிரான்சிஸ்டர் மட்டும் தெறித்துப் புதருக்குள் விழுந்து பிழைத்திருக்கிறது. தோல் உறையின் ஒரு மூலை சூட்டில் இளகிச் சுருண்டிருந்தது.

அவன் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. படம் இருந்திருந்தால் தஸ்தகீருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். படம் என்றால் ஒரு மூக்கு இருக்கும், பல் இருக்கும், ஏதாவது ஒரு கோணல் இருக்கும். பார்த்து, சே, இவ்வளவுதானா என்று விட்டுவிடலாம். முகமில்லாதவனிடம் என்ன குறை கண்டுபிடிப்பது? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அரூர் ரோட்டில் லாரி ஹாரன் கேட்டால் வஹிதாவின் கை ஒரு நொடி நிற்கும். அரிசி களைந்துகொண்டிருந்தால் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். பிறகு மறுபடி நகரும். அந்த ஒரு நொடியில் தான் அந்த வீட்டில் இல்லை என்பது தஸ்தகீருக்குத் தெரியும்.

அன்வர் போனபின் அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். கையில் எடுக்கவில்லை. விரல் நுனியால் மட்டும் அந்தச் சுருண்ட மூலையைத் தொட்டாள்.

"இது பாடுமாங்க?" என்றாள்.

இரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் ஒரு புடவை கேட்டதில்லை, வளையல் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது இதைத்தான்.

"என் கைக்கு வந்த செட்டு எது பாடாமப் போயிருக்குது?" என்றான் தஸ்தகீர். பெருமைக்குச் சொல்லிவிட்டான். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

*

செல் கசிந்து வழிந்து, செல் வைக்கும் குழியெல்லாம் பச்சைப் பொருக்காக இருந்தது. அதைக் கத்தி முனையால் சுரண்டி, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, அறுந்த கம்பி இரண்டை ஈயம் உருக்கி ஒட்டினான். ஜப்பான் செட்டு, அறுபதுகளில் வந்தது. உள்ளே ஒவ்வொன்றும் நகை வேலை மாதிரி நெருக்கமாக இருந்தது. சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. அதிலும் இரண்டு சொட்டு விட்டுத் திருப்பித் திருப்பி வழிக்குக் கொண்டுவந்தான். புதுசாக நாலு செல் போட்டதும் பெங்களூர் நிலையம் கன்னடத்தில் பேசியது. முள்ளை நகர்த்தினால் திருச்சி. இன்னும் நகர்த்தினால் வெறும் இரைச்சல். அதையும் தாண்டி, எந்த நிலையமும் இல்லாத கடைசி ஓரத்தில், 'டப் டப் டப் டப்' என்று ஒரு சத்தம்.

அதை அவனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இருக்கும் கன்டென்சர் காய்ந்துபோனால் எந்த செட்டும் படகு மோட்டார் மாதிரி இப்படித்தான் அடித்துக்கொள்ளும். கன்டென்சரை மாற்றினால் நின்றுவிடும். பத்து நிமிஷ வேலை. மேஜைக்குக் கீழே தகர டப்பாவில் அது கைநிறைய கிடக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வஹிதா சோறு போடுவதற்கு முன்பே கேட்டாள். "பாடிச்சுங்களா?"

அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவன் பார்த்தான். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் இதை?

"கன்டென்சரு போயிருக்குது. அந்த சைஸு இங்க கெடைக்காது, பெங்களூர்லருந்து வரணும். நாளாவும்."

"செரிங்க" என்றாள். வெளிச்சம் அணைந்தது. தஸ்தகீர் திருப்தியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் கன்டென்சரை மாற்றினான். அவளுக்குத் தராவிட்டாலும் வேலையை அரைகுறையாக விட அவனால் முடியாது. மாற்றிவிட்டு முள்ளைக் கடைசி ஓரத்துக்குக் கொண்டுபோனான். சத்தம் நிற்கவில்லை. தெளிந்திருந்தது. முன்னே மொத்தையாக அடித்துக்கொண்டிருந்தது, இப்போது எஞ்சின் உறுமுவதாகவும், கியர் மாறுவதாகவும், இறக்கத்தில் வண்டி தன் பாரத்தைத் தானே பிடித்துக்கொண்டு முனகுவதாகவும் பிரிந்து கேட்டது. பஞ்சு மூட்டையின் கயிறு கிரீச்சிடுவதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது. ரோட்டில் போகிற வண்டியின் சத்தம் எப்படியோ உள்ளே வந்து விழுகிறது என்று நினைத்துத் தலையைத் தூக்கினான். ரோட்டில் ஒரு மாட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது.

அப்போது எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் ஓர் ஆண் குரல், தொலைதூரத்தில், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல:

"முன்னி…"

அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல்.

நாடகமாக இருக்கும், எங்கேயோ வடக்கே ஒரு நிலையத்தில் போடுகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது அந்த வார்த்தை வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது.

"முன்னின்னா யாரு?"

வஹிதாவின் கையில் இருந்த கரண்டி குழம்புச் சட்டிக்கு மேலே நின்றது. ஹாரன் கேட்டால் நிற்பது போல ஒரு நொடி இல்லை. நெடுநேரம்.

"அந்தப் பேர உங்களுக்கு யாரு சொன்னா?"

"அன்வர்தான் சொன்னான்."

"அன்வருக்குத் தெரியாதுங்க. மாமிக்கும் தெரியாது. அவரு மட்டுந்தான் அப்பிடிக் கூப்புடுவாரு. அதுவும் வேற ஆளு இல்லாதப்ப."

'அவரு.' பெயர் சொல்லவில்லை. யார் என்று அடையாளம் சொல்லவில்லை. உலகத்தில் ஒரே ஒரு அவர்தான் இருக்கிறார் என்பது போல. தஸ்தகீர் தட்டைச் சற்று நகர்த்தி வைத்தான். இரண்டு வருஷமாகத் தான் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று யோசித்துப் பார்த்தான். ஏய். இந்தா. எங்க இருக்க.

அவள் குழம்பை ஊற்றிவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். அவன் கை கழுவும் வரை திரும்பவில்லை.

*

மூன்றாம் நாள் கடையின் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். வானம் மூட்டமாக இருந்தது. செட்டுக்குள்ளே சின்னச் சின்னத் தகர டப்பிகள் மூன்று உண்டு. அவற்றின் தலையில் ஒரு திருகு இருக்கும். அதை ஒரு முடி அளவு இப்படியோ அப்படியோ திருப்பினால் எட்டாத நிலையமும் எட்டும். இரும்பு பட்டால் கெட்டுவிடும் என்று மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். தான் செய்துகொண்டிருப்பது என்ன என்று அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அந்தக் குரலை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து கேட்க வேண்டும். அவளை முன்னி என்று கூப்பிட்ட அந்த வாய் எப்படிப்பட்ட வாய் என்று தெரிய வேண்டும்.

இரைச்சல் விலகியது. துடைத்த கண்ணாடி மாதிரி ஆயிற்று.

"…யாராச்சும் இருக்கீங்களா? ஒரே இருட்டா இருக்குதுங்க. லைட்டு போட்டா எரிய மாட்டேங்குது. எவ்வளவு ஓட்டுனாலும் ரோடு சுத்திச் சுத்தி அதே எறக்கத்துக்கே வருது. ஒரு தரம் ஏரியூர்ல என் வூட்டு வாசல் வரைக்கும் போனேன், பூட்டியிருந்துச்சு, மறுபடி இந்த எறக்கத்துக்கே வந்துட்டேன். முன்னி எங்க போனான்னு யாராச்சும் சொல்லுங்களேன்…"

நல்ல குரல். அதுதான் தஸ்தகீரைக் குத்தியது. கரகரப்பில்லாத, சிரித்துப் பழகிய, மரியாதை தெரிந்த குரல். இந்தக் குரலோடுதான் அவள் நாலு வருஷம் வாழ்ந்திருக்கிறாள். இதைக் கேட்ட காதால்தான் தன் குரலையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குமிழைத் திருப்பி அணைத்திருக்கலாம். செல்லை உருவிப் போட்டிருக்கலாம். அவன் கை குமிழ் வரை போகவும் செய்தது. ஆனால் அவன் குனிந்தான். ஸ்பீக்கரின் சல்லடைத் துணிக்கு மேல் உதடு படுகிற அளவுக்குக் குனிந்து, பேசினான்.

"அவ ஏரியூர்ல இல்ல."

எஞ்சின் நின்றது.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றால் எப்படி ஓர் அமைதி வருமோ அப்படி ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் யாரோ காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள்.

"நீங்க யாருங்க?"

தஸ்தகீரின் முதுகில் வியர்வை வழிந்தது. பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷமாக யாரிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தானோ அவன் இதோ கேட்கிறான்.

"நான் அவ புருஷன். தஸ்தகீர். எனக்குக் கட்டிக்குடுத்து ரெண்டு வருஷமாச்சு. உன்னை மறந்துட்டா. தெரியுதா? கம்பைநல்லூர்ல, பள்ளிவாசலுக்குப் பின்னால சந்துல, நீலக் கதவு போட்ட வூடு என் வூடு. அங்க என் சோத்தத் தின்னுக்கிட்டு, எனக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு, நல்லா இருக்கறா. நீ ஒண்ணும் தேட வேண்டியதில்ல."

பதிலில் கோபம் துளியும் இல்லை.

"நல்லதுங்க. கம்பைநல்லூருங்களா? பள்ளிவாசலுக்குப் பின்னால. நீலக் கதவு." ஒவ்வொன்றாக, குறித்துக்கொள்வது போல. "இத்தன வருஷமா கேக்குறேன், ஒருத்தரும் சொல்லலீங்க. நீங்கதான் சொன்னீங்க. நல்லா இருங்க."

எஞ்சின் கிளம்பியது. முதல் கியர். இரண்டாவது. இந்த முறை இறக்கத்தில் முனகவில்லை. சமமான ரோட்டில் போகிற வண்டியின் சத்தம் அது.

*

அடுத்த நாள் அவன் கடைக்குப் போய்த் திறந்ததும் அதைத்தான் போட்டான். போட வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேதான் வந்தான்.

"தொப்பூரு தாண்டிட்டேங்க" என்றது குரல், உற்சாகமாக. "ரொம்ப நாளைக்கப்பறம் வேற ரோட்டப் பாக்குறேன்."

மதியம் மறுபடி போட்டான். "நல்லம்பள்ளி வந்துட்டேன். மழ பெய்யுது. மேல பட்டா குளுந்து கெடக்குது. எரிச்சல் கொஞ்சம் அடங்குது."

தஸ்தகீர் ஸ்பீக்கர்மேல் குனிந்தான். "இந்தா பாரு. நான் சொன்னது தப்பு. கம்பைநல்லூரு இல்ல. நாங்க வேலூர் பக்கம் போயிட்டோம். நீ நேரா அந்தப் பக்கம் போ."

சிரிப்பு. கனிவான சிரிப்பு.

"இல்லீங்க. நீங்க முன்னயே சரியாச் சொன்னீங்க."

அவன் ஈயம் பற்றவைக்கும் கம்பியைச் சூடாக்கி, செல்லிலிருந்து வரும் கம்பியையும் ஸ்பீக்கர் கம்பியையும் உருக்கி எடுத்து, செல்லையும் ஸ்பீக்கரையும் தனியே கழற்றி வைத்தான். அவசரத்தில் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டான். செட்டு வாயடைத்தது. நிம்மதியாக இருந்தது, வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை.

வீட்டில் கருவாட்டு வாசனை. தஸ்தகீருக்குக் கருவாடு ஆகாது. இரண்டு வருஷத்தில் அந்த அடுப்பில் கருவாடு ஏறியதே இல்லை. வஹிதா தலைக்குக் குளித்து, பின்னலில் கனகாம்பரம் வைத்திருந்தாள். அடுப்பருகே குந்தி உட்கார்ந்து எதையோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இந்தக் கொழம்பு?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். சட்டியைப் பார்த்தாள். அப்போதுதான் பார்ப்பவள் போல.

"தெரியலீங்க… கை தானாச் செஞ்சிருச்சு."

"பூவு?"

தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தொட்ட கையைக் கீழே எடுக்க மனமில்லாமல் சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் அவன் சொல்லியிருக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் அவன் தங்கை இருந்தாள். இப்போதே கிளம்பு என்று வஹிதாவைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் நடந்ததைச் சொல்லி ஓதச் சொல்லியிருக்கலாம். எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. உன் முதல் புருஷன் வருகிறான். உன்னைத் தேடிக்கொண்டு வருகிறான். சொன்னால் அவள் என்ன செய்வாள்? அலறினால் பரவாயில்லை. மயங்கி விழுந்தால் பரவாயில்லை. ஆனால் அந்த வெளிச்சம் அவள் முகத்தில் மறுபடி வந்துவிட்டால்? எப்ப வர்றாருங்க என்று கேட்டுவிட்டால்?

அதை மட்டும் தஸ்தகீரால் தாங்க முடியாது.

அவன் சொல்லவில்லை. வெறும் சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டுப் படுத்தான்.

*

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகையில் அவனுக்கு ஒரு வார்த்தை மனதில் நிற்கவில்லை. தொழுகை முடிந்தும் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நாலு மணிக்குத்தான் கடைக்குப் போனான். பூட்டிய கதவுக்குள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

திறந்தான். மேஜைமேல் அறுத்துப் போட்ட கம்பிகளோடு கிடந்தது டிரான்சிஸ்டர். செல் இல்லை. குழி காலி. ஸ்பீக்கர் தனியாக, காகிதக் கூம்பு மேலே பார்த்தபடி, மேஜையின் அந்தக் கோடியில்.

காகிதக் கூம்பு அதிர்ந்துகொண்டிருந்தது.

"தருமபுரி நாலு ரோடு தாண்டிட்டேங்க. இனி இருமத்தூருதான். ஆத்துப் பாலம்."

அவன் எல்லாவற்றையும் வாரித் தோல் உறைக்குள் திணித்தான். திணிக்கும்போதே ஒன்று தோன்றியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவன் வரக்கூடாது. வருவதற்குள் இதைத் தென்பெண்ணையில் போட்டுவிட வேண்டும். இதுதான் அவன் வாய். இதுதான் அவன் காது. இது தண்ணீரில் போனால் வழியும் போய்விடும். சரியோ தப்போ, வேறு எதுவும் தோன்றவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தான். மழை பிடித்துக்கொண்டது. கேரியரில் கட்டிய பொட்டலம் முதுகுக்குப் பின்னால் வெதுவெதுப்பாக இருந்தது. ரோட்டில் யாருமில்லை. புளியமரங்கள் மழையில் கறுத்து நின்றன.

பாலத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆறு செம்மண் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தான். சுட்டது. அடுப்பிலிருந்து எடுத்த சட்டி மாதிரி.

தலைக்கு மேல் தூக்கினான்.

கையிலிருந்து அது கடைசியாகப் பேசியது. இரைச்சல் இல்லை. தூரம் இல்லை. பக்கத்தில் நிற்பவன் பேசுவது போல.

"சித்த ஒதுங்கிக்குங்க. வண்டி வருது."

வீசினான். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. கேட்பதற்குள் அனல் காற்று ஒன்று முதுகை உரசிக்கொண்டு போனது. நெஞ்சு அதிரும் உறுமல். டீசல் நெடி. கருகிய பஞ்சு நெடி. சைக்கிள் தானாகச் சரிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தான்.

ஒன்றுமில்லை. மழை. காலி ரோடு.

ரோட்டில் இரண்டு கோடுகள். மழையில் நனைந்து மினுங்கிய தாரின்மேல், லாரிச் சக்கர அகலத்துக்கு, இரண்டு உலர்ந்த தடங்கள். அவற்றின்மேல் விழுந்த தூறல் சீறி ஆவியாகிக்கொண்டிருந்தது. பாலம் முழுக்க. பாலத்தைத் தாண்டி. கம்பைநல்லூரை நோக்கி.

தான் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் தனியாக இருக்கிறாள்.

மிதித்தான். அந்தத் தடங்களுக்கு நடுவே மிதித்தான். தடம் வளைந்த இடத்தில் வளைந்தான். செருப்பு ஒன்று எங்கோ விழுந்தது. ஊர் எல்லையில் கரண்ட் போய்விட்டிருந்தது. தெருவெல்லாம் இருட்டு. பள்ளிவாசலில் அந்திநேர மஃரிப் பாங்கு முடிந்து உள்ளே தொழுதுகொண்டிருந்தார்கள். தடங்கள் பள்ளிவாசலைச் சுற்றித் திரும்பின. சந்துக்குள் போயின. கைவண்டிகூடத் திரும்ப முடியாத சந்து அது.

நீலக் கதவுக்கு முன்னால் முடிந்திருந்தன.

கதவைத் தள்ளினான். தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளங்கை பொரிந்தது. பலகை கொதித்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது.

"வஹிதா!"

உள்ளே பேச்சுச் சத்தம். அவள் குரல். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவனிடம் அவள் பேசியது மொத்தமும் சேர்த்தால்கூட இத்தனை இருக்காது.

ஜன்னலுக்கு ஓடினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

சிம்னி விளக்கு தரையில் எரிந்துகொண்டிருந்தது. பாய் விரித்திருந்தது. பாயின் இந்தப் பக்கம் வஹிதா, பூ வைத்த தலையோடு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. கருவாட்டில் முள் எடுத்து, சோற்றோடு உருட்டி, எதிரே நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே விளக்கு வெளிச்சம் போகாத இடத்தில் யாரோ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உயரமாக. நிழலைவிடக் கறுப்பாக. அவள் நீட்டிய கவளம் இருட்டுக்குள் போனது. வெறும் கை திரும்பி வந்தது. விரல் நுனிகளில் கரி.

"வஹிதா! வெளிய வா! அது அவன் இல்ல! வஹிதா!"

அவளுக்குக் கேட்கவில்லை. எதற்கோ சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு உண்டு என்று தஸ்தகீருக்குத் தெரியாது. அந்த நேரத்திலும் அவனுக்குள்ளே அதே பழைய தீதான் மூண்டது. எனக்கு ஒரு தரம்கூட இப்படிச் சிரிக்கவில்லையே.

இருட்டிலிருந்து ஒரு கை வெளிச்சத்துக்கு வந்தது. தோல் இல்லை. எரிந்த விறகு மாதிரி, பிளவு பிளவாக, பிளவுக்குள்ளே கங்கு சிவந்த கை. மெதுவாக, ரொம்பப் பிரியமாக, அது அவள் கன்னத்தைத் தொட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கைக்குள் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். பட்ட இடத்தில் புகை எழுந்தது. கன்னம் கறுத்தது. கறுப்பு காது வரை போனது. கனகாம்பரம் ஒவ்வொன்றாகச் சுருண்டது.

அவள் சிரித்துக்கொண்டேயிருந்தாள்.